மெக்டொனால்ட் வானாய்வகத்தின் சாயாத தொலைநோக்கி: எப்படி வேலை செய்கிறது, அதன் செய்திகளை எப்படிப் படிப்பது?

கேள்வி இது: "டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மெக்டொனால்ட் வானாய்வகத்தில் உள்ள 10 மீட்டர் தொலைநோக்கி மேலும் கீழும் சாயவே சாயாதாமே? பிறகு எப்படி நட்சத்திரத்தைப் பின்தொடர்கிறது? ஒரு பல்கலைக்கழகத்துக்கு இவ்வளவு பெரிய கருவி எப்படிக் கட்டுப்படியாகிறது? அங்கிருந்து வரும் கண்டுபிடிப்புச் செய்திகளை எந்த அளவுக்கு நம்பலாம்?"

ஆடி அசையாது, ஆடிக்கு மேலே தொங்கும் கருவித் தொகுதிதான் நகர்கிறது. முதல் கேள்விக்கு ஒரு வரிப் பதில் இவ்வளவுதான். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. சாய்வதை விட்டுக்கொடுத்ததால்தான் விலை குறைந்தது. அங்கே எதைப் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம், கிடைத்த எண்ணில் எங்கே சந்தேகப்படவேண்டும் என்பதையும் அந்த ஒரே முடிவுதான் தீர்மானிக்கிறது.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். மேற்கு டெக்சாஸின் டேவிஸ் மலைத்தொடரில், ஆஸ்டினிலிருந்து சுமார் 700 கி.மீ. தள்ளி, ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் வானாய்வகம் இருக்கிறது. வில்லியம் ஜான்சன் மெக்டொனால்ட் என்ற வங்கிக்காரர் 1926இல் இறந்தபோது சொத்தில் பெரும்பகுதியை வானாய்வகம் கட்டச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்திருந்தார். உறவினர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு ஒருவழியாக முடிந்தபோது பல்கலைக்கழகத்தில் பணம் இருந்தது, வானியலாளர் யாரும் இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்திடம் வானியலாளர்கள் இருந்தார்கள், நல்ல புதுத் தொலைநோக்கி இல்லை. இரண்டு பேரும் 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். ஓட்டோ ஸ்ட்ரூவ இயக்குநரானார். 82 அங்குலத் தொலைநோக்கி 1939இல் திறக்கப்பட்டது. டைட்டனில் மீத்தேன் வாயு (1944), யுரேனஸின் மிராண்டா (1948), நெப்டியூனின் நெரீட் (1949) ஆகிய மூன்றையும் ஜெரார்ட் கைப்பர் கண்டது இங்கேதான். நம் சுப்பிரமணியன் சந்திரசேகரை 1937இல் சிகாகோவின் யெர்க்ஸ் வானாய்வகத்துக்கு அழைத்துக்கொண்டவரும் இதே ஸ்ட்ரூவதான்.

1968இல் 107 அங்குலத் தொலைநோக்கி வந்தது. 1970இல் ஊழியர் ஒருவர் அதன் ஆடியைத் துப்பாக்கியால் சுட்டார். உருக்கிய சிலிக்கா என்பதால் ஆடி நொறுங்கவில்லை, குண்டு பட்ட இடங்களில் குழிதான் விழுந்தது. ஒளி இழப்பு ஏறத்தாழ 1 சதவீதம். அந்த ஆடி இன்றும் வேலை செய்கிறது.

இனி நீங்கள் கேட்ட தொலைநோக்கி. பெயர் ஹாபி-எபர்லி. 1983இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ராம்சி, டேனியல் வீட்மன் இருவருக்கும் தோன்றிய யோசனை இது. படம் எடுக்கவேண்டாம், நிறமாலை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவு) மட்டும் எடுத்தால் போதும் என்று முடிவுசெய்தால் எதையெல்லாம் விடலாம் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். 1996 டிசம்பரில் முதல் ஒளி (முதன்முதலாக வானத்தைப் பார்த்த பதிவு) கிடைத்தது, 1997 அக்டோபரில் திறப்பு விழா. கட்டச் செலவு சுமார் 1.35 கோடி டாலர். அதே அளவுள்ள மற்றத் தொலைநோக்கிகளோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். டெக்சாஸ், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகங்களோடு ஜெர்மனியின் மியூனிக், கோட்டிங்கன் பல்கலைக்கழகங்களும் கூட்டு. ஸ்டான்ஃபோர்டும் தொடக்கத்தில் இருந்தது, பிறகு விலகிக்கொண்டது.

சாதாரணத் தொலைநோக்கியின் முதன்மை ஆடி பரவளையமாகவோ அதையொட்டிய வடிவமாகவோ இருக்கும். அதன் அச்சுக்கு நேராக வரும் ஒளிதான் ஒழுங்காகக் குவியும். ஆகவே நட்சத்திரம் நகர நகர ஆடி முழுவதையும் திருப்பியாக வேண்டும். கோள ஆடிக்கு அப்படித் தனியாக ஓர் அச்சு கிடையாது; எந்தப் பக்கத்திலிருந்து ஒளி வந்தாலும் அதற்கு ஒன்றுதான். ஹாபி-எபர்லி ஆடியின் வளைவு ஆரம் சுமார் 26 மீட்டர். அதில் பாதி, அதாவது 13 மீட்டர் தொலைவில் குவியப் பரப்பு இருக்கிறது. அதுவும் ஒரு கோளத்தின் பகுதிதான். நட்சத்திரம் வானில் நகர்ந்தால் அதன் பிம்பம் அந்தப் பரப்பில் ஊர்ந்துபோகும். ஆடிக்கு மேலே இரும்புச் சட்டத்தில் பொருத்திய டிராக்கர், பல டன் எடையுள்ள கருவித் தொகுதியைச் சுமந்துகொண்டு அந்தப் பிம்பத்தின் பின்னாலேயே போகும். இடவலம், மேல்கீழ் நகர்ந்தால் மட்டும் போதாது. கோளத்தின் மையத்தை நோக்கிச் சாய்ந்தபடியும், குவிய தூரம் பிசகாமலும், புலம் (பார்க்கும் வானப் பகுதி) சுழல்வதற்கு ஈடாகத் தானும் சுழன்றபடியும் அது நகரவேண்டும்.

ஆடி கிடைமட்டத்திலிருந்து 55 பாகை உயரத்தை நோக்கி நிரந்தரமாகச் சாய்த்துவைக்கப்பட்டிருக்கிறது. திசை மாற்ற மட்டும் முழுச் சட்டத்தையும் காற்றழுத்தத்தால் தரையிலிருந்து சற்றுத் தூக்கி, திருப்பி, மறுபடி இறக்கி வைப்பார்கள். பதிவு நடக்கும்போது சட்டம் தரையில் அழுந்தி உட்கார்ந்திருக்கும். புவியீர்ப்பு எப்போதும் ஒரே பக்கமாக இழுப்பதால், சாயும்போது வளையாமல் தாங்குவதற்கான கனமான கட்டமைப்பு தேவைப்படவில்லை. மிச்சமான பணத்தில் பெரும்பகுதி இங்கேதான்.

இதற்குக் கொடுத்த விலை என்ன? கோள ஆடியின் விளிம்பில் படும் ஒளியும் நடுவில் படும் ஒளியும் ஒரே புள்ளியில் சேராது. கோளப் பிறழ்ச்சி என்பது இதுதான். இதைச் சரிசெய்ய டிராக்கரில் நான்கு ஆடிகள் கொண்ட திருத்தி ஒன்று உண்டு. முதலில் இருந்த திருத்தியால் வானத்தில் 4 வில்நிமிட (பாகையில் 60இல் ஒரு பங்கு வில்நிமிடம், அதில் 60இல் ஒரு பங்கு வில்நொடி) அகலத்தைத்தான் ஒழுங்காகப் பார்க்க முடிந்தது. 2013இல் வேலையை நிறுத்தி எல்லாவற்றையும் மாற்றினார்கள். புதுத் திருத்தியின் புலம் 22 வில்நிமிடம், பயன்படும் ஆடி விட்டம் 9.2 மீட்டரிலிருந்து 10 மீட்டராக உயர்ந்தது. 2017இல் மறுதிறப்பு நடந்தது. இந்த மேம்பாட்டுக்குச் சுமார் 4 கோடி டாலர் ஆயிற்று, அதாவது முதலில் கட்டிய செலவைப்போல மூன்று மடங்கு. "மலிவான தொலைநோக்கி" என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது ரசீதைச் சொல்வதே இல்லை.

இன்னொரு விலை நேரம். ஒரு பொருள் 55 பாகை உயரத்தை ஒட்டிய வளையத்தைக் கடக்கும்போது மட்டும்தான் அதைப் பார்க்கமுடியும். இடத்தின் அட்சரேகை 30.7 பாகை என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வான நடுவரையிலேயே (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) இருக்கும் ஒரு பொருள், உச்சிக்கோட்டை (வடக்கையும் தெற்கையும் தலைக்கு மேலே இணைக்கும் கோடு) தொடுவதற்கு 71 நிமிடம் முன்னால் ஒரு முறையும் தொட்ட பிறகு 71 நிமிடம் கழித்து ஒரு முறையும் அந்த உயரத்துக்கு வரும். தலைக்கு நேர் மேலே கடக்கும் பொருளானால் 2 மணி 43 நிமிடம் முன்னும் பின்னும். உச்சிக்கு வரும்போது எந்தப் பெரிய தொலைநோக்கிக்கும் அதுதான் மிகத் தெளிவான நிலை. இந்தத் தொலைநோக்கியால் மட்டும் அப்போது அதைப் பார்க்கமுடியாது! நடுவரைக்குத் தெற்கே 4.3 பாகையிலும் வடக்கே 65.7 பாகையிலும் இருக்கும் பொருட்களுக்கு இந்த இரண்டு வாய்ப்புகளும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். டிராக்கரின் வீச்சையும் சேர்த்தால் தெற்கே 10 பாகை முதல் வடக்கே 72 பாகை வரை எட்டும். துருவ நட்சத்திரமும் நம் பால்வீதியின் மையமும் மெகல்லன் மேகங்களும் என்றைக்கும் கிடையாது. ஒரு தடவை பின்தொடரக் கிடைக்கும் நேரம் தெற்கே முக்கால் மணி அளவில் தொடங்கி, வட கோடியில் இரண்டேமுக்கால் மணி வரை போகும்.

இதனால் "இந்த மூன்று இரவு உங்களுக்கு" என்று ஆய்வாளருக்கு ஒதுக்கும் வழக்கமான முறை இங்கே செல்லாது. மூன்று இரவும் ஒரே பொருளைப் பார்க்க நினைத்தால், இரவுக்கு ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே தொடக்கத்திலிருந்தே வரிசை முறைதான். ஆய்வாளர் மலைக்கு வருவதில்லை. பொருளின் ஆயங்கள் (வானில் அதன் இருப்பிட எண்கள்), ஒளிர்வு, எத்தனை நிமிடப் பதிவு, எத்தனை முறை, இடைவெளி எத்தனை நாள், பிம்பம் எவ்வளவு மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், நிலவொளி இருக்கலாமா என்று எழுதி அனுப்புகிறார். அந்தந்த நிமிடத்தில் வளையத்துக்குள் எது இருக்கிறது, வானம் எப்படி இருக்கிறது என்று பார்த்து, மலையில் தங்கியிருக்கும் வானியலாளர் அடுத்ததைத் தேர்ந்தெடுக்கிறார்.

விண்ணப்பத்தில் நடக்கும் பிழைகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, பேராசை. பிம்பம் 1.2 வில்நொடிக்குள் இருக்கவேண்டும், நிலவும் கூடாது, மேகமும் கூடாது என்று மூன்று நிபந்தனையையும் இறுக்கிவைத்தால் பருவம் முழுக்க வரிசையிலேயே கிடக்கும். கிழக்கே வரும் வாய்ப்பு மேகத்தில் போனால் மேற்கே வரும்வரை காத்திருக்கவேண்டும். அதுவும் போனால் மறுநாள்தான், அதுவும் 4 நிமிடம் முன்னதாக. இன்னொன்று, அருகிலுள்ள நட்சத்திரங்களின் சொந்த நகர்வை எழுத மறப்பது. ஆண்டுக்கு 1 வில்நொடி நகரும் நட்சத்திரத்துக்கு 2000ஆம் ஆண்டு ஆயத்தை அப்படியே கொடுத்தால், 2025இல் அது 25 வில்நொடி தள்ளிப் போயிருக்கும். ஒளியைப் பிடிக்கவேண்டிய இழையின் அகலமோ இரண்டு வில்நொடிகூட இல்லை. வெறும் வானத்தின் நிறமாலை அழகாகப் பதிவாகி வந்து சேரும்.

ஆடிக்கு வருவோம். 91 அறுகோணத் துண்டுகள், ஒவ்வொன்றும் 1 மீட்டர் அகலம், பொருள் வெப்பத்தில் ஏறக்குறைய விரிவடையாத ஸெரோடூர் கண்ணாடிப் பீங்கான். கோள ஆடி என்பதால் எல்லாத் துண்டுக்கும் ஒரே வளைவு. ஹவாயின் கெக் தொலைநோக்கியில் துண்டுகள் இருக்குமிடத்தைப் பொறுத்து வடிவம் மாறும். இங்கே ஒரே அச்சில் வார்த்த ஓடு மாதிரி எதை எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம். மேற்பூச்சு மங்கினால் சில துண்டுகளை மட்டும் கழற்றிப் புதுப்பித்துவிட்டு, மற்றவற்றை வைத்து வேலையை நடத்தலாம்.

துண்டுகள் ஸெரோடூர், அவற்றைத் தாங்கும் சட்டமோ இரும்பு. தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் 10 மீட்டர் இரும்பு 0.12 மில்லிமீட்டர் சுருங்கும். 1 மீட்டர் துண்டின் ஓரம் அரை மைக்ரான் நகர்ந்தாலே அது 0.1 வில்நொடி சாய்ந்துவிடும், அது திருப்பும் ஒளி 0.2 வில்நொடி விலகும். சுருக்கம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தால் பாதிப்பு குறைவு. அப்படி இருப்பதில்லை. 91 துண்டும் ஆளுக்கொரு பக்கம் பார்க்கத் தொடங்கினால், ஒரு நட்சத்திரம் 91 புள்ளிகளாகச் சிதறி ஒரு மங்கல் திட்டாகத் தெரியும். ஆரம்ப ஆண்டுகளில் பிம்பத் தரம் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்ததற்கு இது ஒரு காரணம். பகல் வெப்பம் குவிமாடத்துக்குள் தேங்கி, இரவில் ஆடிக்கு மேலே காற்றை நடுங்கவைத்தது இன்னொரு காரணம். பிறகு குவிமாடத்தின் சுவரில் காற்றோட்டப் பலகணிகள் வைத்தார்கள். அந்தியிலேயே அவற்றைத் திறந்துவிட்டால் உள்ளே வெளியே வெப்பம் சீக்கிரம் சமமாகும்.

சீரமைப்பு இரண்டு படியாக நடக்கிறது. குவிமாடத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கோபுரம் நிற்கிறது. அதன் உச்சிதான் ஆடியின் வளைவு மையம். அங்கிருந்து ஒளியைப் பாய்ச்சினால், கோள ஆடி அதை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பவேண்டும். எந்தத் துண்டின் ஒளி விலகி வருகிறதோ அதை, அதன் அடியில் இருக்கும் மூன்று இயக்கிகளால் திருத்துவார்கள். 91 துண்டுக்கும் சேர்த்து 273 இயக்கிகள். இதை முடித்த பிறகுதான் இரவு வேலை தொடங்கும். அதன் பிறகு நிலையைக் காப்பது துண்டுகளின் ஓரங்களில் ஒட்டிய 480 உணரிகளின் பொறுப்பு. பக்கத்துத் துண்டோடு ஏற்படும் மேடுபள்ளத்தை அவை அளந்துகொண்டே இருக்கும்.

இந்த முறையில் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. ஆடி முழுவதும் சேர்ந்து கொஞ்சம் ஆழமாகவோ தட்டையாகவோ மாறினால், ஒவ்வொரு ஓரத்திலும் ஏற்படும் மாற்றம் மிகச் சிறியது, உணரிக்கு ஏறக்குறையத் தெரியாது. அருகருகே எல்லாம் சரி என்று உணரிகள் சொல்லும், மொத்த வளைவு ஆரம் மட்டும் மெல்ல மாறிவிட்டிருக்கும். அதனால் இரவில் வெப்பம் வேகமாகக் குறைந்தால் மறுபடி கோபுரத்தை நாடவேண்டும், பதிவு நேரம் வீணாகும்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இதில் குழம்புகிறார்கள். இந்த 91 துண்டுகளும் ஒளி அலையின் அளவுக்கு ஒத்திசைக்கப்பட்டவை அல்ல. ஒரே புள்ளியில் ஒளியைக் கொட்டுகின்றன, அவ்வளவுதான். 10 மீட்டர் ஆடிக்கு உரிய கூர்மை இங்கே கிடைக்காது. கூர்மையைத் தீர்மானிப்பது வளிமண்டலமும் சீரமைப்பும்தான். ஒளி சேகரிக்கும் அளவில் காவலூரின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைப்போல 18 மடங்கு. ஆனால் 18 மடங்கு நுணுக்கமான படம் வரும் என்று எதிர்பார்க்கக்கூடாது. சந்தேகப்படவேண்டிய இடம் எது என்பதற்கு இந்தப் பத்தியிலேயே விடை இருக்கிறது, கீழே உதாரணம் வரும்.

தொடரும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. டிராக்கர் நடுவிலிருந்து விலகினால், 10 மீட்டர் வட்டத்தின் ஒரு பகுதி ஆடிக்கு வெளியே விழுந்துவிடும். ஆக, பதிவு நடக்கும்போதே தொலைநோக்கியின் அளவு மாறிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு ஒளி வந்தது என்பதை நேரடியாக நம்பமுடியாது. அதே புலத்தில் ஒளிர்வு ஏற்கெனவே தெரிந்த நட்சத்திரங்களை வைத்து ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாகத் திருத்தவேண்டும்.

இப்போது ஆராய்ச்சி. மேம்பாடு நடந்ததே ஹெட்டெக்ஸ் என்ற இருண்ட ஆற்றல் (பிரபஞ்சத்தை மேன்மேலும் வேகமாக விரியவைப்பதாகக் கருதப்படுவது) திட்டத்துக்காகத்தான். சாயாத தொலைநோக்கிக்கு ஏற்ற வேலை இதுதான் என்பேன், ஏனென்றால் இதற்குக் குறிப்பிட்ட பொருள் எதுவும் தேவையில்லை. வானத்தின் ஒரு பட்டையைத் தேர்ந்துகொண்டு, கண்ணில் படுவதையெல்லாம் நிறமாலை எடுப்பதுதான் திட்டம். 78 இழைக் கற்றைகள், ஒவ்வொன்றிலும் 448 ஒளியிழைகள், மொத்தம் 34,944. ஒவ்வோர் இழையும் வானத்தில் 1.5 வில்நொடி அகலத்தைப் பார்க்கிறது. ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள இழைகள் வழியாக ஒளி இறங்கி, தொலைநோக்கியின் இருபுறமும் அடுக்கிவைத்த 156 நிறமாலைமானிகளுக்குப் போகிறது. ஒரே கருவியை 156 பிரதி எடுத்ததும் செலவைக் குறைக்கத்தான். கற்றைக்குள் இழைகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால், ஒரு பதிவில் மூன்றில் ஒரு பங்கு வானம்தான் விழும். ஆகவே தொலைநோக்கியை மிகச் சிறிதளவு நகர்த்தி, ஆறு ஆறு நிமிடமாக மூன்று பதிவு. சுமார் 20 நிமிடத்தில் ஒரு புலம் முடியும்; ஒரு தடவை பின்தொடரும் நேரத்தில் ஒன்றிரண்டு புலங்களைத் தாராளமாக முடிக்கலாம்.

தேடுவது லைமன்-ஆல்பா உமிழ்வுக் கோடு, அதாவது நிறமாலையில் ஒரே அலைநீளத்தில் பளிச்சென்று தெரியும் கீற்று. ஹைட்ரஜன் இதை 121.567 நானோமீட்டரில் வெளியிடுகிறது. கருவி பார்ப்பது 350 முதல் 550 நானோமீட்டர் வரை. ஆகவே செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவு) 1.9 முதல் 3.5 வரை உள்ள கேலக்ஸிகள் சிக்கும்; ஒளி கிளம்பி 1,000 முதல் 1,200 கோடி ஆண்டு ஆனவை. இலக்கு பத்து லட்சம் கேலக்ஸிகள். அவை வெளியில் எப்படிக் கொத்தாகப் பரவியிருக்கின்றன என்பதிலிருந்து அந்தக் காலத்தில் பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிந்தது என்று கணக்கிடலாம்.

பெரும்பாலான கேலக்ஸிகளுக்கு ஒரே ஒரு கோடுதான் தெரியும், அதனால் தவறு நேர நிறைய இடம். 484.5 நானோமீட்டரில் ஒரு கோடு இருக்கிறது என்று வையுங்கள். அது செம்பெயர்ச்சி 2.985இல் உள்ள லைமன்-ஆல்பாவாக இருக்கலாம். செம்பெயர்ச்சி 0.3இல், ஒப்பீட்டில் பக்கத்து வீட்டில் இருக்கும் ஒரு கேலக்ஸியின் 372.7 நானோமீட்டர் ஆக்சிஜன் கோடாகவும் இருக்கலாம். ஆக்சிஜன் கோடு உண்மையில் இரட்டைக் கோடு, ஆனால் இந்தக் கருவியின் பிரிதிறனில் இரண்டும் ஒட்டிப்போய்விடும். ஆகவே கோட்டின் வலிமையைச் சுற்றியுள்ள தொடர் ஒளியோடு (கோடு இல்லாத அலைநீளங்களில் கேலக்ஸி தரும் ஒளி) ஒப்பிட்டுத்தான் முடிவுசெய்கிறார்கள். தொடர் ஒளி மிக மங்கலாகவும் கோடு மட்டும் வலுவாகவும் இருந்தால் லைமன்-ஆல்பா என்பதற்கு வாய்ப்பு அதிகம். சில விழுக்காடு ஆக்சிஜன் கேலக்ஸிகள் தவறிக் கலந்தாலே கொத்துப் பரவலின் அளவு கெட்டுவிடும், ஏனென்றால் அருகிலுள்ளவற்றின் பரவலைத் தொலைவிலுள்ளவற்றின் மேல் ஏற்றிவிடுகிறோம்.

போலிக் கோடுகளும் உண்டு. 5 சிக்மா (வழக்கமான இரைச்சலைப்போல ஐந்து மடங்கு வலு) என்றால் உறுதி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். வெறும் சீரற்ற இரைச்சல்கூட ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒரு தடவை 5 சிக்மாவைத் தாண்டும். இங்கே ஒரே பதிவில் 35,000 இழைகள், இழைக்குச் சுமார் ஆயிரம் அலைநீளப் புள்ளிகள். மூன்றரைக் கோடி வாய்ப்பு! காஸ்மிக் கதிர், சிசிடி என்ற ஒளி உணரியில் பழுதான வரிசை, குறுக்கே போகும் செயற்கைக்கோள், எரிகல் எல்லாம் இதற்கு மேலே. கணினி வடிகட்டியதையும் பொதுமக்கள் இணையம் வழியே கண்ணால் பார்த்து வகைப்படுத்த ஒரு திட்டம் நடத்தியது விளம்பரத்துக்காக மட்டும் அல்ல.

நிலவொளி நீலத்தில் வலுவானது என்பதால் ஹெட்டெக்ஸுக்கு இருண்ட இரவுகள் வேண்டும். நிலவு நாட்களை ஹெச்.பி.எஃப். என்ற அகச்சிவப்புக் கருவி எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்த சிவப்புக் குறுமீன்களைச் சுற்றிக் கோள் தேடும் கருவி இது. 2023 நவம்பர் இறுதியில் வந்த எல்.எச்.எஸ். 3154 செய்தியை நீங்கள் பார்த்திருக்கலாம். சூரியனில் ஒன்பதில் ஒரு பங்கு நிறையுள்ள நட்சத்திரத்தை, பூமியைப்போல 13 மடங்கு நிறையுள்ள கோள் 3.7 நாளுக்கு ஒரு முறை சுற்றுகிறது. அவ்வளவு சிறிய நட்சத்திரம் பிறந்த, வாயுவும் தூசும் கலந்த வட்டில் அப்படி ஒரு கோளுக்கு வேண்டிய தூசு இருந்திருக்கக்கூடாது என்பதுதான் வியப்பு.

இந்த எண்களை வைத்துக் கணக்கிட்டால், கோள் நட்சத்திரத்தை முன்னும் பின்னும் அசைக்கும் வேகம் விநாடிக்குச் சுமார் 23 மீட்டர். 1,000 நானோமீட்டர் கோடு 0.00008 நானோமீட்டர் நகரும். கருவியின் உள்ளே வெப்பம் கொஞ்சம் மாறினால் ஏற்படும் நகர்வு இதை விழுங்கிவிடும். அதனால்தான் முழுக் கருவியையும் வெற்றிடத் தொட்டியில், சுமார் மைனஸ் 93 டிகிரி செல்சியஸில், டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நிலையாக வைத்திருக்கிறார்கள். ஆடியின் வெளிச்சப் பரப்பு மாறிக்கொண்டே இருக்கும் என்று மேலே சொன்னேனே, அதுவும் போலி வேகமாகத் தெரியும். ஒளியைக் கலக்கிவிடும் சிறு கண்ணாடிக் குண்டு ஒன்றை இழைப் பாதையில் வைத்தது அதற்காகத்தான். 13 மடங்கு என்பது குறைந்தபட்ச நிறை. சுற்றுப்பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது இந்த முறையில் தெரியாது. செய்தித்தாள்களில் இந்த "குறைந்தபட்ச" என்ற சொல்தான் முதலில் காணாமல் போகும்.

சந்தேகத்துக்கு நல்ல உதாரணம் என்.ஜி.சி. 1277. பெர்சியஸ் கொத்தில் உள்ள இந்தச் சிறிய கேலக்ஸியின் நடுவே 1,700 கோடி சூரிய நிறையுள்ள கருந்துளை இருக்கிறது என்று 2012இல் ஹாபி-எபர்லி நிறமாலைகளை வைத்து அறிவித்தார்கள். கேலக்ஸியின் உப்பலின் (நடுவே புடைத்திருக்கும் பகுதி) நிறையில் பாதிக்கும் மேல் என்றதும் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி ஆனது. 2013லேயே அதே தரவை மறுபடி ஆராய்ந்து, 500 கோடி போதும் என்று இன்னொருவர் காட்டினார். 2016இல் ஹவாயின் ஜெமினி தொலைநோக்கியில், வளிமண்டல நடுக்கத்தை நீக்கும் தகவமைவு ஒளியியலோடு அளந்தபோது வந்தது சுமார் 490 கோடி. யாரும் ஏமாற்றவில்லை. நூற்றுக்கணக்கான கேலக்ஸிகளை அலசி, பெரிய கருந்துளை இருக்கக்கூடியவற்றைப் பொறுக்கி எடுக்க ஹாபி-எபர்லி மிகப் பொருத்தமான கருவி. ஆனால் கருந்துளையின் பிடியில் இருக்கும் மிகச் சிறிய நடுப்பகுதியைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும் கூர்மை அதற்கு இல்லை. அந்த இடைவெளியைக் கணக்கீட்டு மாதிரிகள்தான் நிரப்பின. நட்சத்திரங்களின் நிறைக்கும் ஒளிக்கும் உள்ள விகிதத்தைக் கொஞ்சம் மாற்றினால் கருந்துளையின் எடை மாறிவிடும். 1,700 கோடி என்ற எண் இன்னும் பல பக்கங்களில் அப்படியே கிடக்கிறது.

ஆக, இந்த வானாய்வகத்திலிருந்து செய்தி வந்தால், விஷயம் ஒளியின் அளவைப் பொறுத்ததா, கூர்மையைப் பொறுத்ததா என்று முதலில் பாருங்கள். மங்கலான பொருளின் நிறமாலை, செம்பெயர்ச்சி, நட்சத்திர வேகம் என்றால் நம்பிக்கையோடு படிக்கலாம். கேலக்ஸியின் நடுவே ஒரு வில்நொடிக்குள் என்ன நடக்கிறது என்று சொன்னால், வேறு தொலைநோக்கி உறுதிசெய்யும்வரை அந்த எண்ணைப் பென்சிலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கருவியைத் தாண்டிய ஒரு தொல்லை வெளிச்சம். வடகிழக்கே பெர்மியன் படுகையின் எண்ணெய்க் கிணறுகளில் எரிவாயுச் சுடரும் விளக்குகளும் பெருகிவிட்டன. வெள்ளை எல்இடி விளக்கின் நீல உச்சி 450 நானோமீட்டரை ஒட்டியது, அது ஹெட்டெக்ஸ் பார்க்கும் பட்டைக்குச் சரியாக நடுவில் விழுகிறது. விளக்குகளை மூடி போட்டுத் தரையை நோக்கித் திருப்பவும், மஞ்சள் ஒளிக்கு மாற்றவும் எண்ணெய் நிறுவனங்களோடு வானாய்வகம் நேரடியாகப் பேசிவருகிறது. 2022இல் மெக்சிகோவின் ஒரு பகுதியையும் சேர்த்து, அந்த வட்டாரம் சர்வதேச இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

நீங்களே தரவைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் வழி இருக்கிறது. ஹெட்டெக்ஸின் முதல் பொதுப் பட்டியல் 2023இல் வெளியானது. சுமார் 2.2 லட்சம் பொருட்கள், அவற்றில் 50 ஆயிரத்துக்கும் மேல் லைமன்-ஆல்பா கேலக்ஸிகள். இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், பைத்தானும் ஆஸ்ட்ரோபை நிரல் தொகுப்பும் போதும். இந்தியாவிலிருந்து இதே வகைத் தொலைநோக்கியில் நேரம் வேண்டுமென்றால், ஹாபி-எபர்லியைப் பின்பற்றித் தென்னாப்பிரிக்காவின் சதர்லாந்தில் கட்டி 2005இல் முதல் ஒளி கண்ட சால்ட் தொலைநோக்கியைப் பாருங்கள். அதற்கும் 91 துண்டுகள்தான், சாய்வு மட்டும் சற்று வேறு. புனேயின் ஐயூகா என்ற வானியல் ஆய்வு மையம் அதில் பங்குதாரர், விண்ணப்பம் அந்த வழியாகத்தான் போகவேண்டும். பால்வீதியின் மையமும் மெகல்லன் மேகங்களும் அங்கே கிடைக்கும்.